கனடாவில் கிலோமீட்டரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்: ஏற்ற இறக்கத்தைப் படிக்கும் வழி

கால்கரியிலிருந்து வான்கூவருக்கு ஏறத்தாழ 970 கிலோமீட்டர். முதல் தடவை அந்த வழியில் காரை எடுத்தபோது நான் போட்ட கணக்கு இவ்வளவுதான்: மணிக்கு நூறு என்று வைத்தால் பத்து மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், விடியற்காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். அக்டோபர் கடைசி வாரம். கால்கரியில் நல்ல வெயில். வான்கூவரில் மழை என்று வானிலை அறிக்கை சொன்னது. இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. ஒரு கணவாயில் பனி கொட்டி வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன, அன்றைக்கு வழியில் இருக்கும் ரெவெல்ஸ்டோக் என்ற ஊரோடு பயணம் முடிந்தது. அதற்குப் பிறகு கனடாவில் எங்கே போவதாக இருந்தாலும், தூரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வழியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு ஊரின் உயர எண்ணைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, அதைப் பக்கத்து எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்கரி கடல் மட்டத்திலிருந்து 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஊருக்குக் கிழக்கே போய் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. ஒன்டாரியோவின் ஹாமில்டனில் வெறும் நூறு மீட்டர் எழும் நயாகரா மலைமுகட்டை ஊர்க்காரர்கள் 'மவுண்டன்' என்றே சொல்கிறார்கள், அதில் சாலை ஏறும்போது அந்தப் பெயர் சரிதான் என்று உங்களுக்கே தோன்றும். காரின் எஞ்சினுக்கும் உங்கள் முழங்காலுக்கும் கடல் மட்டம் ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கிலோமீட்டருக்கும் அடுத்த கிலோமீட்டருக்கும் நடுவில் எவ்வளவு ஏறுகிறது என்பது ஒன்றுதான் கணக்கு.

சரி, அதை எங்கே பார்ப்பது? எளிய வழி, கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் போகிற வழியைக் கோடாக வரைந்துவிட்டு உயர வரைபடத்தைக் காட்டச் சொல்வது. கூகுள் மேப்பிலும் சைக்கிள் வழி கேட்டால் பல இடங்களில் சின்னதாக ஒரு ஏற்ற இறக்கக் கோடு வரும், ஓட்டப் போவது கார் என்றாலும் ஒரு தோராயத்துக்கு அது போதும். நடைபயணம் போகிறவர்களுக்கு இது போதாது. கனடா அரசின் இயற்கை வளத்துறை நாடு முழுவதுக்கும் 1:50,000 அளவிலும் 1:2,50,000 அளவிலும் நிலப்பரப்புத் தாள்கள் வைத்திருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதே துறையின் டோப்போராமா என்ற இணைய வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைத் திரையிலேயே பார்க்கலாம்.

சமவுயரக் கோடு என்பது ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கிற கோடு. நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பலர் தவறவிடுவது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்பதை. அது தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், தாளுக்குத் தாள் மாறும், சமவெளித் தாளில் குறைவாகவும் மலைத் தாளில் அதிகமாகவும் இருக்கும். பழைய தாள்களில் அடிக்கணக்கிலும் இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சஸ்காட்சுவனின் ஒரு மேடும் ராக்கி மலையின் ஒரு சரிவும் ஒரே மாதிரி தெரியும்.

பனிக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கை மட்டுமாவது செய்து பழகுங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் தொடங்குகின்றன. 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கோடுகளின் வித்தியாசம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகை சரிவில் 40 மீட்டர் ஏற கிட்டத்தட்ட 69 மீட்டர் கிடைத்தூரம் வேண்டும், தாளில் அது 1.4 மில்லிமீட்டர். 45 பாகையில் 40 மீட்டருக்கு 40 மீட்டர், அதாவது 0.8 மில்லிமீட்டர். ஆக, கோடுகளின் இடைவெளி 0.8க்கும் 1.4க்கும் நடுவில் வருகிற இடமெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். நீங்கள் நடக்கிற பாதை சமதளமாக இருப்பது போதாது, அதற்கு மேலே இருக்கிற சரிவையும் அளந்து பாருங்கள், பனி அங்கிருந்துதான் இறங்கி வரும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னச் செங்குத்துகள் தாளில் தெரியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கணக்கோடு, பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றாட முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஒன்றை வைத்து மற்றொன்றை விட்டுவிட முடியாது.

அப்புறம், போனில் உயரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். டொராண்டோவில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு சில செயலிகளைத் திறந்தால் உயரம் 40 மீட்டர் அளவில் காட்டும். ஒன்டாரியோ ஏரியின் மட்டமோ 75 மீட்டர். போன் கெட்டுப்போகவில்லை. செயற்கைக்கோள் தருவது பூமியைச் சீரான முட்டை வடிவமாக வைத்துக் கணக்கிட்ட உயரம், வரைபடத்தில் இருப்பது கடல் மட்டத்தையொட்டிய உயரம். தெற்கு ஒன்டாரியோவில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 30 மீட்டருக்கு மேல். நல்ல செயலிகள் அதைத் தாமாகவே திருத்திக் காட்டும். உங்களுடையது திருத்துகிறதா என்று உயரம் தெரிந்த ஒரு இடத்தில் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இனி நாட்டின் எலும்புக்கூடு. இது தெரிந்தால் எந்த எண் எங்கே வந்தாலும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். கனடாவின் பரப்பு கிட்டத்தட்ட 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய பாதி கனேடியக் கேடயம் என்கிற மிகப் பழைய பாறை நிலம். அந்தப் பாறையின் ஒரு பகுதியான அகாஸ்டா நைஸ் 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கோடிக்கணக்கான ஆண்டு அரிப்பும் பனியாறுகளும் தேய்த்துத் தேய்த்து உயரத்தை எல்லாம் கொண்டுபோய்விட்டன. ஆனால் அங்கே நிலம் சமமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்டாரியோவின் மிக உயரமான இடமே 693 மீட்டர்தான், ஆனாலும் சூப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பேக்குப் போகும் 700 கிலோமீட்டரை ஓட்டியவரிடம் அது சமவெளி என்று சொல்லிப் பாருங்கள்! ஏறி இறங்கி, வளைந்து, பாறையை வெட்டிய இடுக்கில் நுழைந்து, மறுபடி ஏரிக்கரைக்கு இறங்கி, மறுபடி ஏறி. மொத்த உயரம் குறைவாக இருந்தும் களைப்பு தருகிற நிலம் இது. மூஸ் மான்கள் வேறு சாலையில் வந்து நிற்கும். இந்தத் துண்டை ஒரே மூச்சில் முடிக்கத் திட்டமிடாதீர்கள், எரிபொருள் பாதிக்குக் கீழே போவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேடயத்தைத் தாண்டினால் பிரெய்ரி என்கிற புல்வெளிச் சமவெளி. இங்கே கதை தலைகீழ். வின்னிப்பெக் 240 மீட்டர், ரெஜைனா 577 மீட்டர், கால்கரி 1,045 மீட்டர். வின்னிப்பெக்கிலிருந்து கால்கரிவரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 800 மீட்டர் ஏறுகிறோம், கிலோமீட்டருக்கு சராசரியாக அறுபது சென்டிமீட்டர், காரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். ராக்கி மலையில் பிறக்கும் சஸ்காட்சுவன் ஆறு இந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டுதான் கிழக்கே வந்து கடைசியில் ஹட்சன் விரிகுடா வரை போய்ச் சேர்கிறது. எனக்கு இந்தப் பிரெய்ரிப் படிகள் ரொம்பப் பிடிக்கும். மலையைப் பார்க்கப் போகிறோம் என்று அவசரப்பட்டு இதைத் தூங்கிக் கழிக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மேற்கே மலைகள். ராக்கி மலைகள்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவின் ராக்கியில் மிக உயரமான ராப்சன் சிகரம் 3,954 மீட்டர். நாட்டின் உச்சியான லோகன் சிகரம் ராக்கியிலேயே இல்லை, யூகானின் செயின்ட் எலியாஸ் மலைகளில் 5,959 மீட்டரில் நிற்கிறது. 1992ல் ஒரு குழு உச்சிக்கே ஏறி ஜிபிஎஸ் வைத்து அளந்த பிறகுதான் இந்த எண் உறுதியானது. எதிர்முனையில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு, ஒரு மாகாணத்தின் மிக உயரமான இடமே 142 மீட்டர்.

இப்போது அந்த 970 கிலோமீட்டருக்கு வருவோம். இந்த ஒரு வழியை எண்களால் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற எல்லா வழிகளையும் படித்துவிடலாம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். கால்கரி 1,045. பான்ஃப் 1,383. பிறகு ஆல்பர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் சேரும் கிக்கிங் ஹார்ஸ் கணவாய், 1,627. இங்கேதான் நீர்ப்பிரிமுகடு, மழைத்துளி கிழக்கே விழுந்தால் ஹட்சன் விரிகுடாவுக்கு, மேற்கே விழுந்தால் பசிபிக்குக்கு. முதல் தடவை போகிறவர்கள் இதோடு மலை முடிந்தது என்று மூச்சுவிடுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முடியவில்லை. கோல்டன் ஊருக்குக் கிட்டத்தட்ட 800 மீட்டர் வரை இறங்குகிறது, உடனே ராஜர்ஸ் கணவாய்க்கு 1,330 மீட்டர் வரை ஏறுகிறது, பிறகு ரெவெல்ஸ்டோக்குக்கு 480 வரை இறக்கம். அங்கிருந்து காம்லூப்ஸ் வரை தாழ்வாகப் போய், காம்லூப்ஸின் 345 மீட்டரிலிருந்து கோக்கிஹாலா நெடுஞ்சாலையில் 1,444 மீட்டர் வரை ஏற்றம். மெரிட்டுக்கு 600 அளவில் இறக்கம். திரும்பவும் 1,244 மீட்டருக்கு ஏற்றம், பிறகு ஹோப்பில் 40 மீட்டர் அளவுக்கு ஒரே இறக்கம்.

ஏற்றங்களை மட்டும் கூட்டுங்கள். 580, 530, 1,100, 640. ஏறக்குறைய 2,850 மீட்டர். வான்கூவர் கால்கரியைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வு, ஆனால் அந்த ஆயிரம் மீட்டர் இறங்குவதற்கு நீங்கள் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் உயரம் ஏறித் தீர வேண்டும்! இரண்டு முனைகளின் உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்போதும் தெரியாது. கோக்கிஹாலா சம்மிட் என்று பெயர்ப்பலகை வைத்த 1,244 மீட்டர் இடம் அந்தச் சாலையின் மிக உயரமான இடம் அல்ல, அந்த இடம் மெரிட்டுக்கு வடக்கே சர்ரே லேக் சம்மிட் என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் பனிக்காலத்தில் அதிகம் தொல்லை தருவது தாழ்வான கோக்கிஹாலா சம்மிட்தான், காரணம் அது கடல் பக்கம் இருக்கிறது, ஈரக்காற்று நேராக வந்து மோதும். உயரத்தை மட்டும் பார்க்காமல் மலையின் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். வான்கூவரில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மலைகளைத் தாண்டிய காம்லூப்ஸில் 300கூட இல்லை.

சாய்வு சதவீதத்தையும் படிக்கப் பழகுங்கள். சாலைப் பலகையில் 6% என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 60 மீட்டர். ரயிலுக்கு 2% தாண்டினாலே கஷ்டம். கிக்கிங் ஹார்ஸிலிருந்து ஃபீல்டுக்கு இறங்கும் இடத்தில் 1884ல் அவசரமாக 4.5% சாய்வில் தண்டவாளம் போட்டார்கள், 'பிக் ஹில்' என்று பெயர், கட்டுப்பாடு இழந்து ஓடிய வண்டிகளால் உயிர்களும் போயின. 1909ல் மலைக்குள்ளேயே சுருளாகச் சுரங்கம் வெட்டி, தூரத்தைக் கூட்டி, சாய்வை 2.2 சதவீதமாகக் குறைத்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தே பார்க்கலாம், நீளமான சரக்கு ரயிலின் தலை ஒரு துளையிலிருந்து வெளியே வரும்போது வால் இன்னும் மற்றொரு துளைக்குள் போய்க்கொண்டிருக்கும். நிறுத்திப் பார்க்காமல் போய்விடாதீர்கள். நீங்கள் ஓட்டும்போது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். லாரிகளுக்கென்று மேல்நோக்கிப் போகும் சரளைக்கல் தப்பிப்பாதைகள் ஓரத்தில் வரும், அந்த வாயில்களில் வண்டியை நிறுத்தி யாரும் படம் எடுக்கக் கூடாது.

வெப்பநிலைக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஹோப்பில் 5 டிகிரி மழை என்றால், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி 1,200 மீட்டர் மேலே இருக்கும் கோக்கிஹாலா சம்மிட்டில் −3 அளவில் இருக்கும், அதாவது பனி. கிளம்புகிற ஊரின் வானிலையும் போய்ச்சேரும் ஊரின் வானிலையும் பார்த்தால் போதாது, நடுவில் இருக்கும் ஒவ்வொரு கணவாய்க்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாலை நிலவரம் சொல்லும் டிரைவ்பிசி தளத்தில் கணவாய்களின் கேமராப் படங்களே வரும், ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த இடத்தின் உயரம் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் பனிக்கால டயர் கட்டாயம், பெரும்பாலான கணவாய்களுக்கு அது ஏப்ரல் 30 வரை நீள்கிறது. ஏப்ரலில் வான்கூவரில் செர்ரி பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு டயரை மாற்றிவிடாதீர்கள்.

இந்தக் கைக்கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. குளிர்காலத்தில் காற்று அசையாத இரவுகளில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நின்றுவிடும், மேலே ஏறினால் வெப்பம் கூடும். கனடாவில் பதிவான மிகக் கடுங்குளிர், 1947 பிப்ரவரி 3ல் −63 டிகிரி, லோகன் உச்சியில் பதிவானது இல்லை. யூகானில் ஸ்னாக் என்ற, கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருந்த விமானத்தளத்தில் பதிவானது. எனவே யூகானில் ஜனவரியில் கூடாரம் போடுகிறவர்கள் ஆற்றங்கரையின் அடிமட்டத்தைவிடச் சற்று மேட்டையே தேடுவது நல்லது.

வடக்கே போகப் போக உயரத்துக்கு அர்த்தமே மாறுகிறது. பான்ஃப் பக்கம் 2,200 மீட்டர் தாண்டித்தான் மரங்கள் நின்றுபோகும். ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சிலில் கடல் மட்டத்திலேயே மரங்கள் முடிந்துவிடுகின்றன. பான்ஃபில் மலை ஏறிப் பார்க்கிற நிலத்தை அங்கே காலடியில் பார்க்கலாம். இங்கே தாளில் கோடுகள் விலகி விலகித்தான் இருக்கும், ஆனால் நடப்பது சுலபமா என்றால் இல்லை. மஸ்கெக் என்கிற சதுப்பு, அதற்கடியில் நிரந்தர உறைநிலம், கோடையில் மேல்பகுதி மட்டும் உருகிக் காலை விழுங்கும். யூகானிலிருந்து வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையைத் தடிமனான சரளை மேடையின்மேல் போட்டிருப்பதும் அதனால்தான், சாலையின் சூடு கீழே இருக்கும் உறைநிலத்துக்குப் போகாமல் அது தடுக்கிறது. ஆர்க்டிக் கடற்கரையில் இருக்கும் துக்டோயாக்டுக் பக்கத்துச் சமநிலத்தில் திடீரென்று ஒரு குன்று தெரிந்தால் அது பிங்கோ, உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. இப்யுக் என்ற பிங்கோ கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம், ஏறி மிதித்தால் மேல்மண் சிதைந்து உள்ளே இருக்கும் பனி உருகத் தொடங்கும், தள்ளி நின்று பாருங்கள்.

கடைசியாக, தாழ்வான நிலத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு. மலைக்குப் போகாதவர்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். வின்னிப்பெக்கில் ரெட் ஆறு வடக்கு நோக்கிப் போகிறது. வசந்தத்தில் தெற்கே பனி உருகிவிடும், வடக்கே ஆறு இன்னும் உறைந்தே இருக்கும், தண்ணீர் போக இடமில்லாமல் பழைய அகாஸிஸ் ஏரியின் படுகையான அந்தத் தட்டை நிலம் முழுவதும் பரவும். 1997ல் நகரத்தைக் காப்பாற்றியது 1968ல் முடிந்த 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூமாஸ் சமவெளி 1920களில் வற்றவைத்த ஒரு ஏரியின் அடித்தளம், 2021 நவம்பர் மழையில் அது மறுபடி ஏரியாகிவிட்டது. வரைபடத்தில் ஒரு நிலம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சமமாக இருந்தால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் தண்ணீர்.

டொராண்டோக்காரர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். டேவன்போர்ட் சாலையை ஒட்டி ஒரு மேடு ஓடுகிறதே, அது பனியுகக் கடைசியில் இருந்த இராகுவா ஏரியின் கரை. ஸ்கார்பரோ பிளஃப்ஸ் செங்குத்து சில இடங்களில் 90 மீட்டர் வரை எழுகிறது, இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது, விளிம்பில் போய் நிற்காதீர்கள். ஊருக்குள் ஓடும் பள்ளத்தாக்குகளில் 1954 அக்டோபரில் ஹேசல் புயல் வெள்ளம் வந்து ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள், ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவே அடித்துக்கொண்டு போனது. அங்கெல்லாம் இன்று பூங்காக்களாக இருப்பதற்கு அதுவே காரணம். வீடு பார்க்கும்போது முகவரியை டொராண்டோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையத்தின் வெள்ளச்சமவெளி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், பிறகு டோப்போராமாவைத் திறந்து வீட்டுக்கும் பக்கத்து ஓடைக்கும் நடுவே எத்தனை சமவுயரக் கோடுகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அடித்தளத்தில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.